மீளாத் துயிலுக்கு ஓர் எளிய சொல்

— ‘மீளாத் துயில்’ வேணாம் சார். முதல்ல அதை அடிங்க.

— அதாவது டீச்சர், பாடத்தோட உசுரே அந்த வரியிலதான் இருக்கு. ‘ஓட்டுநர் ஐயா மீளாத் துயில் கொண்டார் என்ற செய்தி இடியென இறங்கியது.’ இதை எடுத்துட்டா மிச்சம் என்ன? ஒரு பஸ்ஸு, ஒரு ஹாரன்.

— மத்த பிள்ளைங்களுக்கு அப்படியே இருக்கட்டும். யாரு வேணாம்னா? நாம இப்ப எழுதறது எங்கிட்ட தனியா படிக்கற ரெண்டு பேருக்கு. பாருங்க, புதுப்பையன் வீட்டுல பேசறது வேற பாஷை. நம்ம பாஷையில இப்பதான் தத்தித் தத்தி நடக்கறான். துயில்னா என்னன்னு அகராதியில தேடுவான். தூக்கம்னு போட்டிருக்கும். அப்புறம் இடி இறங்குது. ஆக, இடி விழுந்தும் எழுந்திரிக்காம ஒரு டிரைவர் குறட்டை விட்டுத் தூங்கறாரு. அவனுக்குக் கதை இவ்வளவுதான்.

— இந்த இடத்துல சிரிக்கணும்னு தெரியுது டீச்சர். சிரிப்பு வரல.

— சிரிக்க வேணாம் சார். பேனாவை எடுங்க, போதும். ரெண்டாவது ஆள் உங்க பொண்ணு. அவளைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா?

— வேணாம்.

— ‘எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு கேளுங்க’ன்னு நீங்க வகுப்புல சொல்ல, பென்சில் சீவற ஷார்ப்னரை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு நின்னாளே.

— அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவ அம்மாகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. பாப்பா பதறிப்போய், ‘அம்மா விழாதீங்க, விழாதீங்க’ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டா.

— சார்.

— ம்.

— மத்தியானம் சாப்டீங்களா?

— சாப்பிட்டிருப்பேன். டப்பா காலியா இருந்துச்சு. சரி விடுங்க, வேலையைப் பாப்போம். ‘காலமானார்’னு போடலாமா?

— காலம்னா நேரம். ஒரு மனுஷன் எப்படி நேரமா ஆவார்னு உங்க பொண்ணு கேப்பா. கடிகாரத்தைக் காட்டி வேற கேப்பா.

— ‘மறைந்தார்’.

— கதவுக்குப் பின்னாடி போய்த் தேடுவா.

— ‘தவறிட்டார்’. இது பேச்சு வழக்குலயும் இருக்கே.

— அதை விட்டுடுங்க சார்.

— ஏன்? எளிமையான சொல்தானே?

— அதுல புதுப்பையன் ஏற்கெனவே மாட்டிக்கிட்டான். அன்னிக்கு ஆபீஸ் ரூம் வாசல்ல நம்ம ஆளுங்க ஒரு தாள் ஒட்டியிருந்தாங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ‘நம் பள்ளி மொழியாசிரியரின் துணைவியார் தவறிவிட்டார்’னு. அதை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு எங்கிட்ட ஓடி வந்தான். ‘மிஸ், சார் வீட்டு அம்மா என்ன தப்பு பண்ணாங்க?’ன்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒரு தப்பும் பண்ணலன்னு சொன்னேன்.

— அது சரிதான். அவ ஒரு தப்பும் பண்ணல.

— அப்புறம் நேரா சொன்னேன், செத்துட்டாங்கன்னு. அந்த வார்த்தை அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ‘ஓ’ன்னான். போய் உக்காந்துட்டான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— நல்ல பையன். எங்கிட்ட வந்தவங்க எல்லாரும் மணிக்கணக்கா பேசினாங்க டீச்சர். ஒருத்தர் பேசினதும் ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனா எழுதல. உதறிப் பாத்தேன், எழுதல. வேற பேனா கேட்டேன். நர்ஸ் பச்சை மூடி போட்ட பேனா ஒண்ணு கொடுத்தாங்க. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அழுகை, ஆத்திரம் ஏதாவது வரணும்ல? ஒண்ணும் வரல. அந்தப் பச்சை மூடி மட்டும்தான்.

— வரும் சார். வரும்போது வரட்டும்.

— இந்த நாற்காலி வேற. பிள்ளைங்க உக்கார்றதுல நாம உக்காந்தா கால் மரத்துப் போகுது.

— எழுந்து நாலு எட்டு நடங்க. சரியாயிடும்.

— காலுக்கு அது சரி.

— நடந்துக்கிட்டே கேளுங்க. முதல் பத்தியை இப்படி மாத்தியிருக்கேன். ‘தினமும் காலையில ஒரு பஸ் வரும். டிரைவர் ஹாரன் அடிப்பார். சிறுமி ஓடி வருவா. டிரைவர் சிரிப்பார்.’ ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. பக்கத்துல படம். பரவாயில்லையா?

— பரவாயில்ல. ‘கதிரவன் கண் விழிக்கும் முன்’னு ஆரம்பிக்கிற அழகெல்லாம் போச்சு.

— சூரியனுக்குக் கண்ணு எங்கன்னு கேக்கறதுக்கு ஆள் இருக்கு சார். ரெண்டாவது பத்தி. ‘ஒரு நாள் வேற டிரைவர் வந்தார். அவர் ஹாரன் அடிக்கல. சிறுமி, பழைய டிரைவர் எங்கன்னு கேட்டா.’ அடுத்த வரிதான் நம்ம வரி.

— அந்தப் பாடத்தையே விட்டுட்டா என்ன? அடுத்தது மழைநீர்ச் சேமிப்பு. நல்ல பாடம். அதுல யாரும் சாகல.

— நாளைக்கு இதைத்தான் நடத்தறீங்க. மத்த பிள்ளைங்க நாடகமாவே போடப்போறாங்களாம். ஒருத்தன் வீட்டுலேர்ந்து ஹாரன் கொண்டு வர்றேன்னு குதிச்சுக்கிட்டு இருக்கான். எல்லாரும் இந்தக் கதையில இருக்கும்போது, உங்க பொண்ணு மட்டும் மூலையில மழைநீர் சேமிச்சுக்கிட்டு இருப்பாளா?

— சரி. அப்ப ஒண்ணு பண்ணுவோம். அவ தாள்ல மட்டும், ஒரே ஒரு தாள்ல, ‘பழைய டிரைவர் வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டார்’னு போட்டுடுவோம். எளிமையா இருக்கு, சின்ன வாக்கியம், உவமை கிடையாது. நீங்க சொல்ற எல்லாம் இருக்கு.

— உண்மை இல்லையே சார்.

— கதைதானே டீச்சர்.

— பாருங்க சார், எளிசாக்கறது வேற, பொய்யாக்கறது வேற. என் வேலை முதலாவது. எத்தனையோ வருஷமா இந்த ஒரு கோட்டை மட்டும் தாண்டாம வேலை பாத்துட்டேன். பாடத்துல இருக்கற விஷயம் எல்லாப் பிள்ளைக்கும் ஒண்ணுதான். போற வழிதான் வேற வேற. இவளுக்கு மட்டும் வேற விஷயம் கொடுத்தா, இவளை வகுப்பை விட்டே வெளிய உக்கார வச்ச மாதிரி.

— கோவிச்சுக்காதீங்க.

— கோவம் இல்ல சார். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் பெல் அடிச்சதும் அவ எங்க போய் உக்கார்றான்னு தெரியுமா?

— ஸ்கூல் கேட் பக்கத்துல. வாட்ச்மேன் ரூமுக்கு எதிர்ல, சிமெண்ட் பெஞ்சுல.

— வர்ற பஸ்ஸை எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கா. இறங்கறவங்க ஒவ்வொருத்தர் முகமா பாக்கறா. நீங்க வந்து கூப்பிடற வரைக்கும் அசையறதில்ல. வாட்ச்மேன் எங்கிட்ட வந்து, ‘என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல டீச்சர், எனக்கு வேற கேட்ல டியூட்டி போடச் சொல்லுங்க’ன்னு சொல்றாரு.

— என் தங்கச்சிதான் முதல்ல சொன்னா. அன்னிக்கு பாப்பாவை அவ வீட்டுலதான் விட்டிருந்தோம். ‘அம்மா எங்க அத்தை?’ன்னு கேட்டிருக்கா. வாயில வந்ததைச் சொல்லிட்டா, ஊருக்குப் போயிருக்காங்கன்னு. நான் கூட்டிட்டு வரப் போனப்போ, ‘எப்ப வருவாங்க?’ன்னு எங்கிட்ட கேட்டா. பஸ்ஸுல வருவாங்க, பாத்துக்கிட்டு இருன்னு சொல்லிட்டேன். அதாவது, ரெண்டு நாள் கழிச்சு மெதுவா சொல்லிக்கலாம்னு. அந்த ரெண்டு நாள் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

— இப்ப சொல்லலாமே சார். சாவுங்கறதுக்கு இத்தனை வார்த்தை இருக்குன்னு கரும்பலகை நிறைய எழுதிக் காட்டறவர் நீங்க. பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டு பாப்பாங்க. நானே ஜன்னல் வழியா பாத்திருக்கேன்.

— எழுதினவன் வேற ஆளு.

— ஒரே ஒரு வார்த்தை. அதுவும் நேரா.

— உங்களுக்குப் புரியல டீச்சர். அவகிட்ட ஒரு வார்த்தையைச் சொன்னா அது அப்படியே நடந்துடும். விழுந்து சிரிக்கறாங்கன்னா நிஜமாவே விழறாங்க. காதைத் தீட்டுன்னா தீட்டணும். நம்மள மாதிரி ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு, அரைகுறையா நம்பி, ஓரமா வச்சுக்கிட்டு இருக்க அவளுக்குத் தெரியாது. வீட்டுல எல்லா இடத்துலயும் என் பொண்டாட்டி இல்ல. சமையல்கட்டுல இல்ல. கட்டில்ல இல்ல. என் தலைக்குள்ளயும் சரியா இல்ல. முகத்தை நினைச்சா பச்சை மூடிதான் வருது. அந்தப் பிள்ளை தலைக்குள்ள மட்டும்தான் அவ ஊருக்குப் போயிருக்கா, பஸ் ஏறிட்டா, வந்துக்கிட்டு இருக்கா. அந்த ஒரு இடத்தையும் நானே காலி பண்ணணுமா?

— சார்...

— பதில் சொல்ல வேணாம். சும்மா கேட்டேன்.

— தாளைக் காட்டுங்க சார், எது வரைக்கும் எழுதியிருக்கீங்கன்னு தெரியல.

— சரி. ‘ஏன்னா, பழைய டிரைவர்’ வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கப்புறம் கோடு போட்டு வச்சிருக்கேன். நீங்களே எழுதிடுங்க. என்ன எழுதினாலும் சரி. நான் போய் ஜெராக்ஸ் மெஷினைப் போட்டு வைக்கறேன். அது சூடாகவே நேரம் எடுக்கும்.

— அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போகணுமே.

— எழுதி வைங்க. மெஷினைப் போட்டுட்டு வந்து வாங்கிக்கறேன். இன்னிக்கு பெல் அடிச்சதும் பாப்பாவை இங்க வரச் சொல்லியிருக்கேன், வந்தா உக்கார வைங்க. வெயில்ல உக்காந்து தலைவலிக்குதுன்னா நேத்து.

— சார், உங்க கண்ணாடி.

— எங்க?

— நெத்தி மேல.

— ஓ. சரி.

...

— மிஸ், உள்ள வரலாமா?

— வாடா கண்ணு. இப்பதான் உங்க அப்பா வெளிய போனாரு. பாக்கலையா?

— பாத்தேன். நான் ‘அப்பா’ன்னு கூப்பிட்டேன். அவர் ‘ம்’ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டார். அவர் என்னைப் பாக்கல மிஸ். தரையைப் பாத்தார்.

— ஏதோ யோசனையில இருப்பாரு. உக்காரு. தலைவலி இருக்கா?

— நேத்து இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. இது என்ன தாள் மிஸ்?

— அது நாளைக்குப் பாடம். இன்னும் முடியல. குடு இங்க.

— நான் படிக்கறேன். எனக்குப் படிக்கப் பிடிக்கும். ‘ஒரு நாள் வேற டிரைவர் வந்தார். அவர் ஹாரன் அடிக்கல. சிறுமி, பழைய டிரைவர் எங்கன்னு கேட்டா. அம்மா சொன்னாங்க, அவர் இனிமே வர மாட்டார். ஏன்னா, பழைய டிரைவர்’ கோடு. இது கோடிட்ட இடத்தை நிரப்புகவா மிஸ்?

— இல்லடா. அது...

— குறிப்புச் சொல் கொடுக்கலையே. பரவாயில்ல, எனக்கு விடை தெரியும். ‘பழைய டிரைவர் செத்துட்டார்.’

— என்ன சொன்னே?

— செத்துட்டார். சத்தமா சொல்லணுமா மிஸ்?

— வேணாம்டா. கேட்டுது. எப்படிக் கண்டுபிடிச்சே?

— ஊருக்குப் போனவங்கன்னா வருவாங்க. ‘இனிமே வர மாட்டார்’னு எழுதியிருக்கு. அதனால செத்துட்டார். தப்பா?

— தப்பில்ல. செத்துட்டார்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியும். பறக்காது. சாப்பிடாது. கூப்பிட்டா கேக்காது. மறுபடி வராது.

— பறக்காதா?

— ஈ மிஸ். ஜன்னல் ஓரத்துல ஒரு ஈ கிடந்துச்சு. புதுப்பையன் அதைக் காட்டித்தான் எனக்குச் சொன்னான்.

— என்னன்னு சொன்னான்?

— நாங்க ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அவன் என் டப்பாவைப் பாத்துட்டு, ‘யார் சமையல்?’னு கேட்டான். அப்பா சமையல்னு சொன்னேன். அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அவன் ‘இல்ல’ன்னான். ‘உன் அம்மா செத்துட்டாங்க. மிஸ் சொன்னாங்க’ன்னான். செத்துட்டாங்கன்னா என்னன்னு கேட்டேன். அவனுக்கு அதுக்கு வார்த்தை தெரியல. அதனால ஈயைக் காட்டினான். ‘இது பறக்கல. இது சாப்பிடல. நீ கூப்பிடு. வராது’ன்னான். நான் கூப்பிட்டுப் பாத்தேன். வரல.

— கடவுளே.

— ஏன் மிஸ்? அவன் வாக்கியம் எல்லாம் சின்னதா இருந்துச்சு. அதனால எனக்குப் புரிஞ்சுது. அத்தை சொன்னது புரியல. எந்த ஊருன்னு கேட்டா அத்தை சொல்லவே இல்ல.

— நீ அழுதியாடா?

— அழுதேன். அவன் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அப்புறம் கணக்கு பீரியடுக்கு மணி அடிச்சுது.

— எங்கிட்ட ஏன்டா வந்து சொல்லல?

— உங்களுக்குத் தெரியுமே மிஸ். நீங்கதானே அவன்கிட்ட சொன்னீங்க. தெரிஞ்சவங்ககிட்ட மறுபடி சொல்லக் கூடாது.

— சரி. சரிடா. இங்க வா. என் பக்கத்துல உக்காரு.

— ஏன் ஜன்னலைச் சாத்தறீங்க மிஸ்?

— குளிருது போல.

— ஃபேன் ஓடலையே. வேர்க்குது.

— ஆமா. வேர்க்குது. ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் தினமும் கேட்ல உக்காந்து பஸ்ஸைப் பாக்கறே?

— அப்பா பாக்கச் சொன்னார். நான் பாக்கலேன்னா அவர் வந்து பாக்கணும். அவருக்கு நோட்டு திருத்தற வேலை இருக்கு. அதனால அவருக்குப் பதிலா நான் பாக்கறேன்.

— அப்பா வந்து, ‘யாராவது இறங்கினாங்களா?’ன்னு கேப்பாரா?

— கேக்க மாட்டார். நானே சொல்லிடுவேன், ‘இன்னிக்கு வரல’ன்னு. அது பொய் இல்ல மிஸ். இன்னிக்கு வரலைங்கறது உண்மை.

— உண்மைதான்டா.

— மிஸ், நான் ஒரு உதவி கேக்கலாமா?

— கேளு.

— கஷ்டமா இருக்கற பாடத்தை நீங்க எளிசா எழுதித் தர்றீங்க. அது பிள்ளைங்களுக்கு மட்டுமா? பெரியவங்களுக்கும் எழுதுவீங்களா?

— பெரியவங்களுக்கா? யாருக்கு?

— என் அப்பாவுக்கு.

— அப்பாவுக்கு எதுக்குடா? அவர்தான் ஊருக்கே மொழி சொல்லித் தர்றவராச்சே.

— ஊருக்கே இல்ல மிஸ். எங்க வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும்தான். அவருக்கு நிறைய வார்த்தை தெரியும். ஆனா அவர்கிட்ட யாருமே சின்ன வாக்கியமா சொல்லல. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் பெரிசு பெரிசா சொன்னாங்க. ‘இப்படிப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாளே’ன்னு சொன்னாங்க. ‘இனி எல்லாம் நீதான் பாத்துக்கணும்’னு சொன்னாங்க. அப்பா எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். எனக்குப் பாடம் புரியாதப்போ நானும் அப்படித்தான் தலையை ஆட்டுவேன். அவர் தினமும் அம்மா போனுக்குச் சார்ஜ் போடறார் மிஸ். படுக்கும்போது கட்டில்ல பாதி இடம் விட்டுட்டுப் படுக்கறார். எங்க வீட்டுல எல்லாரும் அழுதாங்க. அத்தை அழுதாங்க, பக்கத்து வீட்டு மாமா அழுதார், நான் அழுதேன். அப்பா மட்டும் அழல. அதனால நான் கண்டுபிடிச்சுட்டேன்.

— என்ன... என்னடா கண்டுபிடிச்சே?

— மெதுவா பேசுங்க மிஸ். அவர் செருப்புச் சத்தம் கேக்குது. நானே சொல்லணும்னு ரெண்டு தடவை போனேன், எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீங்க அவருக்குப் புரியற மாதிரி ஒரு வரி எழுதிக் கொடுங்க, நான் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டறேன். அம்மா செத்தது அப்பாவுக்கு இன்னும் தெரியாது.